டேனிஷ் தேக்கு இழுபலகை மேசை: பலகை தொங்கும் பழுது, ஒரு நிகழ்வு ஆய்வு

நாலு பேருக்கான சாப்பாட்டு மேசையை, விருந்தாள் வந்தால் இருபுறமும் பலகையை இழுத்து எட்டுப் பேருக்கு நீட்டிக்கொள்வது டேனிஷ்காரர்கள் கண்டுபிடித்த உத்தி இல்லை. 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓக் மேசைகளிலேயே அது உண்டு. 1950, 60-களில் டென்மார்க் தொழிற்சாலைகள் அதே பழைய உத்தியைத் தேக்கு வெனீருக்கும் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு) மெலிந்த கால்களுக்கும் பொருத்தி, ஒரு கீல்கூட இல்லாமல் செய்து காட்டின. தேக்கு அவர்களுக்குப் புதிய மரமும் இல்லை. ஹெச். என். ஆண்டர்சன் 1897-இல் கோபன்ஹேகனில் தொடங்கிய கிழக்காசியக் கம்பெனி, அப்போதே சயாமில் (இன்றைய தாய்லாந்து) தேக்கு வணிகம் நடத்தியது.

இந்த மேசைகளுக்கு வரும் முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: இழுத்த பலகை தொங்குகிறது. பலகை வளைந்துவிட்டது என்று முடிவுகட்டுவதும் வழக்கம். அது பெரும்பாலும் தப்பு. பழுது கண்ணில் படும் பலகையில் இருக்காது. மேல்பலகையைத் தூக்கினால்தான் தெரியும் நடுப்பலகையிலும், குறுக்குச் சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடியிலும் இருக்கும். எது பழுது என்பதை மேசையைப் பிரிக்காமலேயே இரண்டு அளவுகளை வைத்துச் சொல்லிவிடலாம்.

மேசையும் புகாரும்

தயாரிப்பாளர் பெயர் இல்லாத, 1960-களின் தொடக்கத்தைச் சேர்ந்த மேசை. மூடிய நிலையில் நீளம் 130 செ.மீ., அகலம் 86, உயரம் 73. இழுபலகை ஒவ்வொன்றும் 50 செ.மீ.; இரண்டையும் இழுத்தால் 230. மேல்பலகை, இழுபலகை, நடுப்பலகை மூன்றும் 22 மி.மீ. கனம். துண்டுக்கட்டைகளை ஒட்டிய பிளாக்போர்டு (blockboard), இருபுறமும் 0.6 மி.மீ. தேக்கு வெனீர், ஓரத்தில் கெட்டித் தேக்குப் பட்டை. கால்கள் கெட்டித் தேக்கு, கழற்றி மாட்டும் வகை. இழுபலகைகளை அடியில் தாங்கி நகரும் தாங்குகட்டைகள் மட்டும் பீச் மரம். எப்போதும் உரசும் இடத்தில் தேக்கை வீணாக்காமல் பீச்சைப் போட்டது சரியான கணக்கு; நயமாக வழுக்கும், விலையும் குறைவு.

வலப்பக்கப் பலகையை இழுத்தால் அதில் வைத்த பேனா வெளிப்பக்கமாக உருண்டு ஓடுகிறது. இடப்பக்கமும் கொஞ்சம் சரிவு. மேல்பலகையின் வலது முனையில் வெனீர் ஓரிடத்தில் உப்பியிருக்கிறது. இரும்புப் பாத்திரம் வைத்த கறுப்பு வட்டம் ஒன்று. நிறமும் ஒத்துப்போகவில்லை: மேல்பலகை சன்னல் வெயிலில் வெளுத்திருக்க, ஒளிந்தே கிடந்த இழுபலகைகள் இரண்டும் அடர்பழுப்பு.

முன்பு யாரோ ஒருவர் இதைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார். வலது காடியில் அட்டைத் துண்டு செருகியிருக்கிறது. அது நசுங்கித் தாளாகிவிட்டது. படி போல நின்ற மேல்பலகையின் வலது ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறக்கவும் முயன்றிருக்கிறார். 3 செ.மீ. அகலத்துக்கு வெனீர் ஊடுருவி, அடிக்கட்டை மங்கலாகத் தெரிகிறது. முதலில் மேற்பரப்பில் கை வைத்தால் நடப்பது இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

மேல்பலகை எதனோடும் திருகப்படவில்லை. அதன் அடியில் இரண்டு தடித்த முளைகள். அவை நடுப்பலகையின் துளைகளில் தளர்வாக இறங்கி நிற்கின்றன. பக்கவாட்டில் நகராது, மேலே எழும்பலாம். இந்தத் தளர்வு பழுது அல்ல, இதுதான் இயக்கத்தின் உயிர். மேல்பலகையைப் பிடித்து மேசையைத் தூக்கினால் பலகை கையோடு வந்து கால்கள் தரையில் நிற்பதும் இதனால்தான். அதற்காக மேல்பலகையைத் திருகி இறுக்கியவர்கள் உண்டு. அதற்குப் பிறகு இழுபலகை வெளியே வரவே வராது.

நடுப்பலகை 30 செ.மீ. அகலம், நெடுஞ்சட்டங்கள் இரண்டின்மேல் நான்கு ஸ்க்ரூக்களால் நிலையாகப் பொருத்தியது. மூடிய நிலையில் அதன் இருபுறமும் இழுபலகைகள் அதே மட்டத்தில் கிடக்கும். மூன்றின்மேலும் மேல்பலகை உட்காரும். ஒவ்வொரு இழுபலகையின் அடியிலும் ஏறக்குறைய 100 செ.மீ. நீளத்தில் இரண்டு தாங்குகட்டைகள். குறுக்குச் சட்டத்தில் வெட்டிய காடி வழியாக உள்ளே போய், நடுப்பலகையின் அடியில் நுழைகின்றன.

தாங்குகட்டை பலகைக்கு இணையாக இல்லை, உள்நோக்கிச் சரிந்திருக்கிறது. 50 செ.மீ. இழுக்கும் தூரத்தில் பலகை குறைந்தது 22 மி.மீ. ஏறியாக வேண்டும், அதாவது தன் கனம் முழுவதும். ஆகவே சரிவு ஏறக்குறைய 500-க்கு 22. இழுக்க இழுக்கப் பலகை ஏறி மேல்பலகையின் அந்த முனையைக் கொஞ்சம் தூக்கும். முழுக்க வெளியே வந்ததும் மேல்பலகை "டப்" என்று கீழே உட்கார, இரண்டும் ஒரே மட்டம். உள்ளே தள்ள வேண்டுமானால் மேல்பலகையின் முனையை ஒரு கையால் இரண்டரை செ.மீ. தூக்கிக்கொண்டு தள்ள வேண்டும். தூக்காமல் முட்டித் தள்ளினால் ஓரப்பட்டைதான் சிதறும்.

இழுத்த நிலையில் ஒவ்வொரு தாங்குகட்டைக்கும் பிடிமானம் இரண்டே இடம். கீழிருந்து தாங்குவது காடியின் அடித்தளம், மேசையின் மையத்திலிருந்து 60 செ.மீ. தூரத்தில். மேலிருந்து அமுக்கிப் பிடிப்பது நடுப்பலகையின் விளிம்பு, மையத்திலிருந்து 15 செ.மீ. தூரத்தில். இழுபலகையின் உள் விளிம்பு 65-இலும் வெளி விளிம்பு 115-இலும் நிற்கின்றன. இனி எல்லாமே நெம்புகோல் கணக்கு.

வெளி விளிம்பில் ஒருவர் 20 கிலோ எடையில் முழங்கையை ஊன்றினால், நடுப்பலகையை மேலே தள்ளும் விசை 20 × 55 ÷ 45, சுமார் 24 கிலோ. இழுபலகையின் சொந்த எடை 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது இன்னொரு 4 கிலோ சேர்க்கிறது. எதிர்த்து அமுக்குவது மேல்பலகையின் 15 கிலோவும் அந்த நான்கு ஸ்க்ரூக்களும்.

இரண்டு அளவுகள்

ஒரு மீட்டர் எஃகு அளவுகோலை மேல்பலகைமேல் படுக்கவைத்து இழுபலகைமேல் நீட்ட வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் கொண்டு இழுபலகையின் உள் விளிம்பில் எவ்வளவு இறக்கம், வெளி விளிம்பில் எவ்வளவு இறக்கம் என்று அளக்க வேண்டும். ரசமட்டம் இதற்குப் போதாது. தரை சரிந்திருந்தால் அது தரையைத்தான் சொல்லும்.

காடியின் அடி 1 மி.மீ. தேய்ந்திருந்தால் உள் விளிம்பு 1.1, வெளி விளிம்பு 2.2 மி.மீ. இறங்கும். நடுப்பலகைக்கும் தாங்குகட்டைக்கும் நடுவே 1 மி.மீ. கூடுதல் இடைவெளி விழுந்திருந்தால் உள் விளிம்பு 0.1 மட்டுமே இறங்கும், வெளி விளிம்போ 1.2. உள்ளும் புறமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் மரத்தில் பழுதே இல்லை: யாரோ மேல்பலகையின் அடியில் உரசலைத் தடுக்கும் கம்பளிப் பட்டையான பழைய ஃபெல்ட்டை எடுத்துவிட்டுத் தடித்த ஃபெல்ட் ஒட்டி மேல்பலகையை உயர்த்திவிட்டார்கள். கடையில் கிடைக்கும் நாற்காலிக்கால் ஃபெல்ட்டை அப்படியே ஒட்டுவதால் இது அடிக்கடி நடக்கிறது. நாலாவதாக, கை வைத்து அழுத்தும்போது மட்டும் தொங்கி, கூடவே மேல்பலகையும் மேலே எழும்பினால், நடுப்பலகையின் ஸ்க்ரூக்கள் பிடி விட்டுவிட்டன. ஸ்க்ரூ பழுதை எடையில்லாமல் அளந்தால் பிடிக்க முடியாது, ஏனென்றால் மேல்பலகையின் 15 கிலோ அதை மறைத்துவிடும்.

இந்த மேசையில் வலப்பக்கம் உள் விளிம்பு 1.2, வெளி விளிம்பு 5.5 மி.மீ. இடப்பக்கம் 0.3-உம் 3.7-உம். இடப்பக்கம் தெளிவு: காடி நன்றாக இருக்கிறது, நடுவில் 3 மி.மீ. இடைவெளி. வலப்பக்கத்துக்கும் அதே 3 மி.மீ. இடைவெளியைக் கழித்தால் மிச்சம் காடித் தேய்மானம், 0.8 மி.மீ. கைக்கு எட்டும் ஒரு பக்கத்தையே தினமும் இழுக்கும் வீடுகளில் தேய்மானம் இப்படி ஒருபக்கமாகத்தான் இருக்கும். 20 கிலோ வைத்து அழுத்தியபோது மேல்பலகையும் அசைந்தது. ஆக ஸ்க்ரூக்களும் சந்தேகம்.

இரண்டு பேர் சேர்ந்து மேல்பலகையை நேர்மேலாகத் தூக்கியதும் கணக்கு சரியென்று தெரிந்தது. நடுப்பலகையின் அடியில், இரு விளிம்பிலும் பசைக்கோடு மட்டும் மிச்சம். தொழிற்சாலையில் மட்டம் பார்த்து ஒட்டிய 3 மி.மீ. சக்கைகள் (இடைவெளி அடைக்கும் மெல்லிய மரப்பட்டைகள்) உதிர்ந்துபோயிருந்தன, ஒன்று மட்டும் நெடுஞ்சட்டத்தின் உள்மூலையில் தூசிக்குள் கிடந்தது. கனம் பார்க்க அது போதும், இப்படி உதிர்ந்த எதையும் குப்பையில் போடக் கூடாது. நான்கு ஸ்க்ரூக்களில் இரண்டு சும்மா சுற்றின. வலது காடியின் அடியில் 0.5 மி.மீ. பள்ளம், தாங்குகட்டைகளின் அடி விளிம்பில், இழுத்த நிலையில் உட்காரும் இடத்தில், இன்னொரு 0.3.

இயக்கத்தைச் சரிசெய்தல்

முதலில் ஸ்க்ரூ. நடுப்பலகை அசைந்தால் மற்ற எந்த அளவும் நம்பத்தக்கதல்ல. நெடுஞ்சட்டத்தில் பிடி விட்ட துளையில் தீக்குச்சியும் பசையும் அடைத்துத் திருகுவது சிலகாலம்தான் நிற்கும். துளையை 12 மி.மீ.-க்கு, 35 மி.மீ. ஆழம் பெருக்கி, பீச் அடைப்புமுளை அடித்து ஒட்ட வேண்டும். கடையில் விற்கும் உருண்டை மரக்குச்சி முளையை நறுக்கிப் போட்டால் ஸ்க்ரூ அதன் நாருக்கு நீளவாக்கில் இறங்கும், பிடிப்பு பலவீனம். பலகையிலிருந்து குறுக்கு நாராக வெட்டிய முளைதான் வேண்டும். ஒருநாள் காய்ந்தபின் 3 மி.மீ. வழித்துளை இட்டு, 5 × 50 மி.மீ. ஸ்க்ரூ. பழைய ஒற்றைக்கீறல் ஸ்க்ரூக்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே மாட்டலாம். மேசையின் வயதைச் சொல்லும் சாட்சி அவை.

அடுத்து காடி. அட்டை, ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் ஆகாது. நசுங்கும் அல்லது உரசி இழுக்கும். காடியின் அடியை உளியால் 3 மி.மீ. மட்டமாக வெட்டி எடுத்து, 4 மி.மீ. பீச் துண்டை நார் இழுக்கும் திசையில் வரும்படி ஒட்டி, காய்ந்தபின் தேய்த்துச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது: காடியை மட்டும் 0.8 உயர்த்தினால் இழுத்த நிலையில் மட்டம் சரியாகிவிடும், ஆனால் தாங்குகட்டையின் தேயாத பகுதி காடியில் வரும்போது பலகை 0.3 மி.மீ. அதிகமாக ஏறி, பாதி வழியில் இறுகும். ஆகவே தாங்குகட்டையின் பள்ளத்தையும் நிரப்ப வேண்டும். அடி விளிம்பு முழுவதையும் 2 மி.மீ. இழைத்து எடுத்துவிட்டு அதே கனத்துக்குச் சற்று மேலான பீச் பட்டையை நீளவாக்கில் ஒட்டி, இழைப்புளியால் நேர்கோடாக்குவதுதான் சுத்தமான வழி. பள்ளத்துக்குள் மட்டும் மக்கு (புட்டி) பூசினால் பத்துத் தடவை இழுப்பதற்குள் பெயர்ந்துவரும்.

கடைசியாக நடுப்பலகையின் சக்கைகள். இவற்றை இறுதியில் ஒட்டுவதற்குக் காரணம், மட்டத்தை நுட்பமாகத் திருத்தும் இடம் இதுதான். பழைய கனம் 3 மி.மீ. என்றாலும் 4 மி.மீ. பீச் பட்டையில் தொடங்கி, மேல்பலகையைத் தற்காலிகமாக வைத்து, இழுத்துப் பார்த்து, இழைத்து இழைத்துக் குறைக்க வேண்டும். வெளி விளிம்பு மட்டத்துக்குச் சரியாக வந்ததும் நிறுத்திவிடாமல் 1 மி.மீ. மேலே நிற்கும்படி விடுவது நல்லது, சக்கை 0.8 மி.மீ. கூடினால் அந்த 1 மி.மீ. கிடைக்கும். தட்டுகள் வைத்தபின் அது தானாகச் சமமாகும். அதற்குமேல் ஏற்றினால் மூடும்போது பலகையின் வெளி ஓரம் மேல்பலகையின் அடியில் உரசும்.

உரசும் இடங்களில் வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய், கிரீஸ் தூசியைப் பிடித்து உப்புத்தாளாக மாற்றிவிடும். சிலிக்கான் ஸ்ப்ரே வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது: மரத்தில் ஒரு துளி ஏறினாலும் பின்னால் பூசும் எதுவும் அந்த இடத்தில் ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

ஃபெல்ட் 2 மி.மீ. கம்பளி ஃபெல்ட், பழைய துண்டின் அழுந்தாத மூலையை அளந்தே கனம் முடிவானது. பழைய ஃபெல்ட்டின்மேல் புதியதை ஒட்டினால் மேலே சொன்ன மூன்றாவது பழுதை நாமே உண்டாக்கியதாகும். ஒட்டுமுன் மணல், கண்ணாடித் துகள் ஏதும் இல்லையென்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்; சிக்கிய ஒரே மணல் இழுபலகையின் முகத்தில் நீளக் கோடு போட்டுவிடும்.

ஒரு காலில் 8 மி.மீ. போல்ட்டின் மரப்பிடி தளர்ந்திருந்தது. அதே குறுக்குநார் முளை வைத்தியம்தான்.

மேற்பரப்பு

வெனீர் 0.6 மி.மீ. என்பதை மறந்தால் எல்லாம் போச்சு. சுழலும் சாண்டரில் 80, 120 எண் தாள் போட்டு இந்த மேசையைத் தொடவே கூடாது. மேல்பூச்சு எது என்று அடியில் மறைவான இடத்தில் சோதித்தால் பாதி வேலை குறையும். ஸ்பிரிட் தொட்டு இளகினால் ஷெல்லாக். தின்னரில் இளகினால் செல்லுலோஸ் லாக்கர். இரண்டிலும் அசையாவிட்டால் பெரும்பாலும் எண்ணெய்ப் பூச்சு. இது எண்ணெய். ஆகவே டர்பன்டைன் நனைத்த மெல்லிய எஃகுக் கம்பளியால் நாரோட்டத்தில் துடைத்துப் பல வருட அழுக்கையும் மெழுகையும் எடுத்து, 240 எண் தாளைக் கட்டையில் சுற்றி நான்கைந்து இழுப்பு. அவ்வளவுதான். எஃகுத் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் துடைக்க வேண்டும். அடுத்து ஈர வேலை இருக்கிறது.

கறுப்பு வட்டம் மரத்தின் சாறும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்த வினை. மேலே தேய்த்தால் போகாது. வெள்ளை வட்டமாக இருந்திருந்தால் பூச்சில் மட்டுமே நின்ற ஈரம், எளிது. கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலம்: ஒரு லிட்டர் வெந்நீரில் 80 கிராம், பிளாஸ்டிக் வாளியில். வட்டத்தில் மட்டும் பூசினால் அந்த இடம் வெளிறிய புள்ளியாக நிற்கும். பலகை முழுவதும் ஒரே சீராகப் பூசி, வட்டத்தில் கூடுதலாக ஒருமுறை. இருபது நிமிடம் கழித்துச் சுத்தமான தண்ணீரால் மூன்று முறை துடைத்தெடுக்க வேண்டும். தண்ணீரை ஊற்றாமல் பிழிந்த துணியால் துடைப்பதே பிளாக்போர்டுக்குப் பாதுகாப்பு. அமிலம் விஷம், கையுறை கட்டாயம். காய்ந்த படிகத்தைத் தேய்த்துத் தூளாக்கி மூச்சில் இழுப்பது அதைவிட மோசம்.

உப்பிய இடம் 4 × 6 செ.மீ. விரல் நகத்தால் தட்டினால் வெற்றோசை. பசை விலங்குப் பசையா, யூரியாப் பசையா என்பதைப் பொறுத்து வழி மாறும். ஈரத் துணி போட்டு மிதமான இஸ்திரிப்பெட்டி வைத்ததும் வெனீர் இறங்கி ஒட்டினால் விலங்குப் பசை, யூரியா இளகாது. இங்கே இளகவில்லை. ஆகவே பிளேடால் நாரோட்டத்தில் ஒரு கீறல், ஊசியால் உள்ளே அசிட்டோன் விட்டுத் தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, அது ஆவியானவுடன் மெல்லிய எபாக்ஸி. மேலே மெழுகுத்தாள், அதன்மேல் தட்டையான கட்டை, கிளாம்ப், 24 மணி நேரம். நாருக்குக் குறுக்கே கீறினால் அந்தக் கோடு கடைசிவரை தெரியும்.

தேய்ந்து ஊடுருவிய ஓரத்துக்கு முழு வைத்தியம் இல்லை. புதுத் தேக்கு வெனீர்ப் பட்டை ஒட்டலாம். நேர்கோடாக வேறு நிறம் தெரியும். அதைவிட ஷெல்லாக்கில் கலந்த நிறமித்தூளை மெல்லிய தூரிகையால் தீட்டி, நாரின் கோடுகளை வரைந்து மங்கலாக்குவது கண்ணுக்கு நயம். விற்கும்போது அந்தப் பழுதைச் சொல்லியே விற்க வேண்டும்.

பூச்சு மீண்டும் எண்ணெய்தான். மேல்பலகையும் இரு இழுபலகைகளும் சேர்ந்து ஏறக்குறைய 2 சதுர மீட்டர். முதல் பூச்சுக்கு 150 மி.லி. தாராளம். தடவி, பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மிச்சம் முழுவதையும் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று காயவே காயாது. ஒரு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு மெல்லிய பூச்சு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். பாலியூரித்தேன் வார்னிஷ் வேண்டவே வேண்டாம்: இழுக்கும்போதெல்லாம் உரசும் பரப்பில் கீறல் விழும், அதை இடம்பார்த்துத் திருத்தவும் முடியாது.

பிறகு

எடையில்லாமல் அளந்தால் இருபக்கமும் உள் விளிம்பில் 0.2 மி.மீ.-க்குள். வெளி விளிம்பு வலப்பக்கம் 0.9, இடப்பக்கம் 1.0 மேலே. வெளி விளிம்பில் 20 கிலோ வைத்தால் ஏறக்குறைய மட்டம், மேல்பலகை அசையவில்லை. சக்கையை ஒட்டிய பசை முழுக்க இறுகிய பிறகு, இரண்டு வாரம் கழித்து, ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும்.

பழுது நீங்கிய பிறகும் நிற வேறுபாடு நிற்கும். அதற்குச் சாயம் பூசி ஒப்பேற்ற நினைப்பது அவசர புத்தி. வெளிச்சத்தில் தேக்கு மாறிக்கொண்டே போகும், சாயம் அதே வேகத்தில் மாறாது, ஆறு மாதத்தில் புது வேறுபாடு வரும். இழுபலகைகளை வெளியே இழுத்தபடி சில மாதம் சன்னலருகே வைத்து, மேல்பலகைமேல் மட்டும் துணி விரித்து மூடினால் இரண்டும் நெருங்கி வரும். விரித்த துணி ஒரே இடத்தில் கிடந்தால் அதன் விளிம்பே கோடாகப் பதியும், ஆகவே மேல்பலகை முழுவதையும் மூடும் அளவில் இருக்க வேண்டும்.

இதே அமைப்பில் ரோஸ்வுட் மேசைகளும் ஏராளம். பழுதுபார்க்கும் முறை இதேதான், சட்டம் வேறு. பிரேசில் ரோஸ்வுட், டால்பெர்ஜியா நைக்ரா, 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் மேசை சுங்கத்திலேயே தங்கிவிடும். தேக்கு அந்தப் பட்டியலில் இல்லை. வெனீர் எதுவென்று உறுதியாகத் தெரியாத மேசையை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே மரத்தின் பெயரை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.